அம்பாசிடரா, தாரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டகையில் தாத்தா காலத்து அம்பாசிடர் தார்ப்பாய்க்குள் நிற்கும். பேரன் மகிந்திராவின் 'தார்' ஜீப் புக் பண்ண ஷோரூமுக்கு நடையாய் நடப்பான். "இருக்கிற வண்டியைத் தட்டிச் சரிபண்ணினால் ஆகாதா? எதற்கு இத்தனை லட்சம்?" என்று வீட்டில் ஒரு குரல். "அதில் ஏறி ஊட்டிக்குப் போக முடியுமா?" என்று இன்னொரு குரல். இந்த வாக்குவாதத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

எந்த அம்பாசிடர், எந்தத் தார் என்று முதலில் சொல்லுங்கள்.

1960களின் மார்க் II அம்பாசிடர். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் III-தான் இதன் மூலம். 1957-ல் தொடங்கிய அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. நடுவில் 1992-ல் இசுசூ 1.8 இன்ஜினும் ஐந்து கியரும் வந்தன. அந்த வண்டியின் குணமே வேறு, அதை இங்கே சேர்க்கவில்லை.

தார் என்றால் 2020 அக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்த மூன்று கதவு வண்டி. ஐந்து கதவு ராக்ஸ் 2024-ல் வந்தது. அதைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் சொல்கிறேன். தார் நாசிக்கில் தயாரானாலும், அதை உருவாக்கியது நம்ம செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் இருக்கும் ஆராய்ச்சி மையம். இந்துஸ்தான் மோட்டார்ஸுக்கும் திருவள்ளூரில் ஒரு தொழிற்சாலை இருந்தது, ஆனால் அங்கே செய்தது மிட்சுபிஷி லான்சரையும் பஜேரோவையும்.

பார்வைக்குத் தார் பெரிசா இருக்கே, நிஜமாவே பெரிசா?

உயரமும் அகலமும்தான் அதிகம். நீளத்தில் அம்பாசிடர்தான் பெரியது: சுமார் 4.3 மீட்டர். தார் 3,985 மில்லிமீட்டர், அதாவது நான்கு மீட்டருக்கு ஒரு விரல்கடை குறைவு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள வீல்பேஸ் அம்பாசிடரில் 2,464 மி.மீ., தாரில் 2,450. கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எடை என்று வந்தால் கதை மாறும். அம்பாசிடர் 1,100 கிலோவை ஒட்டி. நான்கு சக்கர டிரைவ் தார் 1,700 கிலோவுக்கு மேல். "அந்தக் காலத்து வண்டிதான் கனம்" என்று சொல்பவர்களிடம் இந்த இரண்டு எண்ணையும் சொல்லிப் பாருங்கள்.

பழைய வண்டியில் தகடு கெட்டி. மோதினால் புது வண்டிதான் நசுங்கும் என்கிறார்களே?

நசுங்கத்தான் வேண்டும். முன்பக்கம் நசுங்கி மோதலின் வேகத்தை வாங்கிக்கொண்டால், உள்ளே இருப்பவருக்கு வந்து சேரும் அடி குறையும். அம்பாசிடரின் கெட்டித் தகடு அந்த வேலையைச் செய்யாது, அடியை அப்படியே உள்ளே அனுப்பும். 1960களின் வண்டியில் சீட் பெல்ட் இல்லை, ஏர்பேக் இல்லை, தலைக்குப் பின்னால் சாய்மானம் இல்லை. ஸ்டீயரிங் தண்டும் மடங்காது, மோதினால் அது நேராக ஓட்டுபவரின் நெஞ்சுக்குத்தான் வரும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். தாரிலும் பின்னால் டிரம்தான், ஆனால் முன்னால் டிஸ்க், கூடவே ஏ.பி.எஸ். 2020-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் தார் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தலா நான்கு நட்சத்திரம் வாங்கியது.

இன்னொரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. பழைய அம்பாசிடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. அது மோனோகாக், அதாவது பாடியே எலும்புக்கூடு. தனிச் சேஸிஸ் மேல் பாடியை உட்கார வைத்த வண்டி தார்தான். லாரி மாதிரி ஏணி வடிவச் சேஸிஸ். யாரைக் கேட்டாலும் மாற்றித்தான் சொல்வார்கள். இது வெறும் தகவல் இல்லை, பழைய வண்டி வாங்கும்போது உங்கள் பணத்தைக் காப்பாற்றும் சங்கதி. கொஞ்சம் கீழே அதற்கு வருகிறேன்.

இன்ஜின் பலம்?

அம்பாசிடரில் 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனியின் பி சீரிஸ் வகை. ஐம்பது குதிரைத்திறன் சொச்சம். தார் பெட்ரோலில் 1,997 சி.சி. டர்போ, 150 குதிரைத்திறன். 2.2 லிட்டர் டீசலில் 130. எண்ணைப் பார்த்தால் போட்டியே இல்லை.

ஆனால் அம்பாசிடர் இன்ஜினின் சாமர்த்தியம் வேகத்தில் இல்லை. டாப் கியரில் 25 கிலோமீட்டருக்கு இறங்கினாலும் திணறாமல் மெதுவாக இழுத்து எடுக்கும். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கியர் தண்டை நிதானமாகத்தான் போட வேண்டும், அவசரப்பட்டால் கத்தும். 60, 65-ல் போனால் வண்டி பாடும். 90-ல் மிதித்தால் வண்டியும் நீங்களும் சேர்ந்து நடுங்குவீர்கள். நான்கு வழிச்சாலையில் பின்னால் வரும் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே இருப்பான், அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

காலையில் ஸ்டார்ட் பண்ணுவதில்கூடவா வித்தியாசம்?

பெரிய வித்தியாசமே அதுதான். தாரில் சாவியைத் திருப்பினால் முடிந்தது. குளிரா வெயிலா, எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

அம்பாசிடரில் அந்தக் கம்ப்யூட்டர் நீங்கள்தான். சோக் குமிழை முழுக்க இழுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் செல்ஃப் அடியுங்கள். பிடித்ததும் சோக்கைப் பாதி உள்ளே தள்ளி, இன்ஜின் சத்தம் சீரானதும் மீதியையும் தள்ள வேண்டும். தள்ள மறந்தால் கறுப்புப் புகை, பெட்ரோல் நாற்றம், கரி பிடித்த பிளக். பிடிக்கவே இல்லை என்றால் முதலில் பானெட்டைத் திறந்து பிளாட்டினம் பாயிண்டைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே சின்னதாக ஒரு ஜோடி முனை. கரிந்து பள்ளம் விழுந்திருக்கும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துச் சரிபண்ணினால் பாதி நோய் போய்விடும். பேட்டரி இறங்கிவிட்டால் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றலாம். சுற்றும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கம் வையுங்கள், கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்காதீர்கள். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் விரல் உடையும்.

இதெல்லாம் தொந்தரவாகத் தெரிந்தால் உங்களுக்குப் பழைய வண்டி வேண்டாம். படிக்கும்போதே கை துறுதுறுத்தால் மேலே படியுங்கள்.

மலைப்பாதையில் அம்பாசிடர் ஏறுமா?

ஏறும். இத்தனை வருஷமாக ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் ஆள் ஏற்றிப் போனது எந்த வண்டி? ஏறுவதில் ஒரே பயம் சூடு. இன்ஜின் சூட்டில் பெட்ரோல் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டருக்குப் போகாமல் நின்றுவிடும். வேப்பர் லாக் என்பார்கள். ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிக் கால் மணி நேரம் காத்திருந்தால் சரியாகும். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள்.

பயப்பட வேண்டியது இறக்கத்தில்தான். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. டிரம் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, ஒரு கட்டத்தில் பெடல் கல்லாக நிற்கும், வண்டி நிற்காது. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான். இரண்டாம் கியரில் விட்டு இன்ஜினே பிடிக்கட்டும், பிரேக்கை வளைவில் மட்டும் தொட்டு விடுங்கள். தார் ஓட்டுபவர்களுக்கும் இதே பாடம்தான். 1,700 கிலோவை இறக்கத்தில் பிடித்து நிறுத்துவது எந்த பிரேக்குக்கும் சுகமான வேலை இல்லை.

ரோடே இல்லாத இடத்தில்?

இங்கேதான் தார் தனி ஜாதி. தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் 226 மி.மீ. இடைவெளி. மேட்டில் முட்டாமல் ஏறும் முன்பக்கக் கோணம் 41 டிகிரிக்கு மேல், பின்பக்கம் 36-க்கு மேல். 650 மி.மீ. ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது. அம்பாசிடரை முழங்கால் அளவுத் தண்ணீரில் விட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து அங்கேயே நின்றுவிடும்.

எண்களைவிட முக்கியம், கியர் தண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது சின்னத் தண்டு. 4எச் என்றால் நான்கு சக்கரமும் இழுக்கும். 4எல் என்றால் அதோடு கியரும் இன்னும் சுமார் இரண்டரை மடங்கு மெதுவாகிறது. செங்குத்தான கல் இறக்கத்தில் 4எல், முதல் கியர், இரண்டு காலையும் பெடலில் இருந்து எடுத்துவிடுங்கள். வண்டி நடந்து போகிற வேகத்தில் தானாக இறங்கும். முதல் தடவை கால் தானாகவே பிரேக்குக்குப் போகும், போக விடாமல் பிடித்துக்கொள்வதுதான் கஷ்டம். சில மாடல்களில் பின் அச்சில் லாக்கிங் டிஃபரன்ஷியல் உண்டு. ஒரு சக்கரம் அந்தரத்தில் வெறுமனே சுற்ற ஆரம்பித்தால் 'டக்' என்று பூட்டிக்கொண்டு, தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் இழுவையைக் கொடுக்கும். லாக்கர் இல்லாத அம்பாசிடரில் அந்தரத்தில் இருக்கிற சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், வண்டி அசையாது.

மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ.-க்கு இறக்குங்கள். டயர் அகலமாகப் படிந்து மிதந்து போகும். வெளியே வந்ததும் மறக்காமல் காற்று அடியுங்கள். குறைந்த காற்றோடு கெட்டியான ரோட்டில் வேகம் எடுத்தால் டயர் சூடாகி வெடிக்கும்.

இதையும் சொல்ல வேண்டும். நம் கிராமத்து வண்டிப்பாதைகளில் ஜீப் இல்லாத வீடுகளின் ஜீப்பாக இருந்தது அம்பாசிடர்தான். 15 அங்குலச் சக்கரம், பின்னால் லீஃப் ஸ்பிரிங், அடிபட்டாலும் சம்மட்டியால் நிமிர்த்தக்கூடிய பாகங்கள். மண் ரோடு, வரப்போரம், கல்யாண வீட்டுக்கு ஏழு பேர் என்று எல்லாவற்றுக்கும் அது போயிருக்கிறது.

எல்லாத் தாரும் 4x4 தானே?

இல்லை. 2023 ஜனவரியில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் தார் வந்தது. அதில் 1.5 லிட்டர் டீசலும் கிடைக்கும். நான்கு மீட்டருக்குக் குறைவான நீளம், 1,500 சி.சி.-க்கு மேல் போகாத டீசல் என்றால் வரி குறைவு. விலை இறங்கின காரணம் அது. ரோட்டில் நீங்கள் பார்க்கிற தார்களில் கணிசமானவை இந்த ரகம். பெரிய டயர், பெரிய தோற்றம், ஆனால் ஈரக் களிமண்ணில் அம்பாசிடர் மாட்டுகிற இடத்திலேயே இதுவும் மாட்டும். பழைய தார் வாங்கப் போகிறவர்கள் உள்ளே இரண்டாவது தண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

ஆஃப்ரோடு என்று காட்டுக்குள் ஓட்டலாமா?

கூடாது. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் வண்டியை விட்டால் வழக்கு. ஆற்றுப் படுகை, கடற்கரை மணல் எல்லாம் சும்மா கிடக்கிற இடம் என்று நினைக்காதீர்கள். தெரிந்தவர் தோட்டம், இல்லையென்றால் பயிற்சிக்கென்றே வைத்திருக்கும் தனியார் டிராக். கொழுக்குமலை பார்க்க ஆசை என்றால் சூரியநெல்லியில் ஜீப் வாடகைக்குக் கிடைக்கும், அந்த ஓட்டுநர்களின் கையைப் பார்த்தாலே பாதி வித்தை கற்றுக்கொள்ளலாம்.

பழைய அம்பாசிடர் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

மேலே சொன்ன மோனோகாக் விஷயம் இங்கேதான். பாடியே எலும்பு என்பதால் துரு பிடித்தால் அழகு மட்டும் போகாது, பலமும் போகும். பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள். காலடி மிதியடியைத் தூக்கித் தரைத் தகட்டைத் தட்டுங்கள். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியை விரல் முட்டியால் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'பொத்' என்று கேட்டால் உள்ளே துருவும், அதை மறைக்கப் பூசிய பட்டியும்தான். ஜாக் போடும் இடம், டிக்கியின் தரை, பின் ஸ்பிரிங் மாட்டும் இடம் இவற்றையும் பாருங்கள். இன்ஜின் கெட்டால் ஒரு நல்ல மெக்கானிக் தீர்த்துவிடுவார். தரை அரித்த வண்டிக்கு டிங்கரிங் செலவு, வண்டி விலையைத் தாண்டும்.

இன்ஜினுக்கு அடியில் நான்கு சொட்டு ஆயில் இருந்தால் விலையைக் குறைக்கப் பார்க்கலாம், பயப்பட வேண்டாம். இந்த இன்ஜினின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளும் திருகுப் பள்ளம் மட்டும்தான். கொஞ்சம் கசியத்தான் செய்யும்.

ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் இருக்கும் எண்ணையும் ஒத்துப் பாருங்கள். டாக்ஸி காலத்தில் பெட்ரோலை எடுத்துவிட்டு டீசல் இன்ஜின் வைத்த வண்டிகள் ஏராளம். எண் பொருந்தாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

சட்டப்படி 'விண்டேஜ்' என்றால் என்ன? தினமும் ஓட்டலாமா?

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றங்கள் செய்யாத சொந்த உபயோக வண்டி விண்டேஜ். புதிதாக அப்படிப் பதிவு செய்ய ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000 என்று அப்போது கட்டணம் வைத்தார்கள். பதிவு 10 ஆண்டு செல்லும், நம்பர் பிளேட்டில் 'விஏ' எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவில் இருக்கும் வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் விண்டேஜ் என்று பதிந்தால் அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ விட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, ஆய்வு, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று சில காரணங்களுக்கு மட்டும்தான் ரோட்டுக்கு எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் சாதாரணப் பதிவை எஃப்.சி. காட்டிப் புதுப்பித்துக்கொண்டே வருவது மேல். அதற்கான கட்டணமும் பசுமை வரியும் மாறிக்கொண்டே இருப்பதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகுமா?

இப்போது பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. அம்பாசிடரின் பெட்ரோல் ஹோஸ், பம்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் எத்தனாலைக் கனவிலும் காணாத காலத்து ரப்பர். இளகும், வெடிப்பு விடும், கசியும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுவதுதான் முதல் செலவாக இருக்கட்டும், சீட் கவர் அப்புறம். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் டேங்கில் மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

மைலேஜ்?

ஊருக்குள் இரண்டுமே லிட்டருக்கு எட்டு, ஒன்பது என்கிற கணக்குதான் (தார் என்றால் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்). டீசல் தார் கூடுதலாகக் கொடுக்கும். மைலேஜ் பார்க்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கவே வேண்டாம்.

ரிப்பேர், ஸ்பேர்?

சென்னை புதுப்பேட்டையில் தேடினால் அம்பாசிடருக்கு இன்னும் சாமான் கிடைக்கிறது. சாமானைவிட அரிது, அதை மாட்டத் தெரிந்த கை. எஸ்.யூ. கார்புரேட்டரைக் காதால் கேட்டே டியூன் பண்ணும் மெக்கானிக்குகள் பலருக்கு இப்போது வயது அறுபதுக்கு மேல். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் வண்டி வாங்கும் முன் அவரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். முன்பக்க கிரீஸ் நிப்பிள்களுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை கிரீஸ் அடிப்பதை நீங்களே கற்றுக்கொள்ளலாம்.

தாரில் ஸ்கேனர் இல்லாமல் எந்த மெக்கானிக்கும் கை வைக்க மாட்டார். ஒரு சென்சார் கோளாறு என்றால் நடுரோட்டில் உங்களால் செய்யக்கூடியது போன் பண்ணுவது மட்டும்தான். ஆனால் அப்படி நிற்பது அரிது. அம்பாசிடர் அடிக்கடி நிற்கும், பெரும்பாலும் நீங்களே கிளப்பிக்கொண்டு வந்துவிடலாம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. எதில் ஏறுவது சுலபம்?

அம்பாசிடர், சந்தேகமே வேண்டாம். அகலமான பின்கதவு, சோபா உயரத்தில் சீட், புடவையோடு உட்கார்ந்து காலை உள்ளே எடுத்து வைத்தால் போதும். அமைச்சர்களும் கலெக்டர்களும் இத்தனை காலம் அதன் பின்சீட்டை விடாததற்குக் காரணம் உண்டு. மூன்று கதவுத் தாரில் முன்சீட்டை மடக்கி, படியில் கால் வைத்து, குனிந்து பின்னால் போக வேண்டும். இளவட்டங்களே முனகுவார்கள். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் தார்தான் வேண்டும் என்றால் ராக்ஸைப் பாருங்கள். வீட்டுக்கு ஒரே கார் என்றால், என் கணக்கில், அம்பாசிடரும் வேண்டாம், மூன்று கதவுத் தாரும் வேண்டாம். இரண்டுமே இரண்டாவது வண்டியாக இருக்கத்தான் லாயக்கு.

மாற்றங்கள் செய்யலாமா?

அம்பாசிடருக்கு முன்சீட் பெல்ட், நல்ல ஹெட்லைட் பல்பு, எலெக்ட்ரானிக் இக்னிஷன் இவை போதும். ஏ.சி.யும் பவர் ஸ்டீயரிங்கும் வைத்து அலாய் வீல் மாட்டினால் அது அம்பாசிடர் முகமூடி போட்ட வேறு வண்டி. விண்டேஜ் பதிவும் சிக்கலாகும்.

தாருக்கு முன்னால் இரும்புக் கம்பி மாட்டுவது வேண்டவே வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைத் தடை செய்யச் சொல்லிவிட்டது. எதிரே வருகிறவர் உயிருக்கு ஆபத்து, மோதலை உணரும் உங்கள் ஏர்பேக் சென்சாரும் குழம்பும். அளவுக்கு மீறிய டயர் போட்டால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிப்பார்.

ஆறு மாதம் வெளிநாடு போகிறேன். இரண்டையும் எப்படி விட்டுப் போவது?

பேட்டரி வயரைக் கழற்றுங்கள், இரண்டுக்கும். டயரில் காற்றைக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். ஹேண்ட் பிரேக் போடாமல் கட்டை கொடுத்து நிறுத்துங்கள், இல்லையென்றால் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். அம்பாசிடரின் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி பண்ணிவிடுங்கள். மாதம் ஒருமுறை யாராவது ஹேண்டில் போட்டு இன்ஜினை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் பிஸ்டன் பிடிக்காது. தாருக்கு முக்கியமான எதிரி எலி. வயர் முழுக்கக் கடித்துவிட்டால் பில் பல ஆயிரத்தில் வரும், அதனால் பானெட்டுக்குள் எலி புகாதபடி கம்பி வலை போட்டு, பக்கத்தில் நெல் மூட்டையோ நாய்ச் சாப்பாடோ வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அம்பாசிடருக்குள்ளும் எலி வரும். அங்கே கடிக்க மொத்தமே பத்துப் பதினைந்து வயர்தான், ஊர் எலக்ட்ரீஷியனே ஒரு மாலையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்.